திறக்கும் அதிகாரம் யாருக்கு?

கம்ப்யூட்டர் திரையில் தெரியும் ஒரு கோப்பின் சின்னத்தின்மீது மௌஸை நிறுத்தி இருமுறை தட்டுகிறோம். விண்டோஸில் நாமாக மாற்றி அமைக்காத வரையில், முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையே 500 மில்லி விநாடிக்குமேல், அதாவது அரை விநாடிக்குமேல், ஆகிவிட்டால் அவை இரண்டு தனித் தட்டுகளாகிவிடுமேயன்றி இரட்டைத் தட்டு ஆகா. தட்டு சரியாக விழுந்த மறுகணம், புகைப்படமானால் படங்காட்டும் செயலியும், கடிதமானால் வேர்டும், பாட்டானால் மீடியா பிளேயரும், யாரும் பெயர் சொல்லி அழைக்காமலே எழுந்துவந்து கோப்பைக் கையில் வாங்கிக்கொள்கின்றன. தினந்தோறும் பலமுறை நடக்கும் காரியமாகையால், தன்னைத் திறக்கவேண்டிய செயலி இன்னதென்று கோப்பே அறிந்துவைத்திருப்பதாக நாம் எண்ணிவிடுகிறோம். அப்படிப்பட்ட ஞானம் ஏதும் பெரும்பாலான கோப்புக்களுக்கு இல்லை. வட்டில் கிடப்பது எண்களின் நீண்ட வரிசை ஒன்றே. அதைப் படமென்று கொள்வதா, பாட்டென்று கொள்வதா, ஓடவிடவேண்டிய நிரலென்று கொள்வதா என்பதை நிர்ணயிப்பது வெளியிலுள்ள ஓர் அதிகாரம். அந்த அதிகாரம் கோப்பின் பெயருக்கு உரியதா, கோப்பை உண்டாக்கிய செயலிக்கு உரியதா, உள்ளடக்கத்துக்கு உரியதா, யந்திரத்தின் சொந்தக்காரருக்கு உரியதா என்பதில் இயங்குதளங்களை வகுத்தவர்களுக்குள் நெடுநாளாகவே அபிப்பிராய பேதம் இருந்துவந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் அது அரசாங்கங்கள் தலையிட்டு அபராதம் விதிக்கும் அளவுக்கும் போயிற்று.

ஆரம்ப காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 1981-ல் ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரோடு வெளிவந்த டாஸில், ஒரு கடிதத்தைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் செயலியின் பெயரையும் அதன்பின் கோப்பின் பெயரையும் தட்டச்சு செய்து ஆணை பிறப்பிக்கவேண்டும். கடிதத்தின் பெயரை மட்டும் எழுதி என்டர் விசையை அழுத்தியவருக்கு, ஆணையோ பெயரோ பிழையென்ற வறட்டுப் பதில்தான் கிடைக்கும். காம், இஎக்ஸ்இ, பேட் என்ற மூன்று பின்னொட்டுக்களில் முடிபவை மட்டும், தாமே நிரல்களாகையால், பெயர் சொன்னதும் ஓடும். பெயருக்குப் பின்னே ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் சேர்க்கும் இந்த வழக்கம் டாஸின் கண்டுபிடிப்பன்று. கேரி கில்டால் 1974-ல் எழுதிய சிபி/எம் இயங்குதளத்தில் அது இருந்தது. சிபி/எம்மோ டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் பெரிய யந்திரங்களில் நிலவிய சம்பிரதாயத்தைப் பின்பற்றியது. அக்கம்பெனியின் பிடிபி-10 யந்திரத்தில் நினைவகத்தின் ஓர் அலகு 36 பிட். எழுத்துக்கு 6 பிட் என்று சிக்கனமாகக் கணக்கிட்டால் ஓர் அலகில் ஆறெழுத்துப் பெயரும், அடுத்த அலகின் சரிபாதியில் மூன்றெழுத்துப் பின்னொட்டும் இம்மியும் மிச்சமின்றி அடங்கிவிடும். ஜேபெக் என்னும் நான்கெழுத்துப் பின்னொட்டை ஜேபிஜி என்று மூன்றெழுத்தாக ஒடித்து நாம் இன்றும் எழுதிவருவது, அந்தப் பழைய அரை அலகின் பரம்பரைச் சொத்துத்தான்.

விண்டோஸ் தோன்றியபோது, ஏற்கெனவே கையிலிருந்த இந்தப் பின்னொட்டையே அது அதிகாரத்தின் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. முதலில் வின்.ஐஎன்ஐ என்னும் சாதாரண எழுத்துக் கோப்பில், டிஎக்ஸ்டி என்று முடிபவற்றை நோட்பேட் திறக்கட்டும் என்பது போன்ற ஒற்றை வரிகள் இருந்தன. 1992-ல் வந்த விண்டோஸ் 3.1-ல் ரெஜிஸ்ட்ரி என்ற தனி ஏடு உண்டாயிற்று. 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல் அந்த ஏடு பெருத்து, இயங்குதளம் முழுவதற்கும் ஆதாரமாகிவிட்டது. டிஎக்ஸ்டி கோப்பொன்றைத் தட்டும்போது அங்கே நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். இயங்குதளம் கோப்பின் பெயரில் கடைசிப் புள்ளியைத் தேடி, அதற்குப் பின்னுள்ளதை மட்டும் வெட்டியெடுத்துக்கொள்கிறது. ரெஜிஸ்ட்ரியில் 'ஹெச்கீ கிளாசஸ் ரூட்' என்ற பிரிவில் அந்தப் பின்னொட்டுக்கு நேரே 'டிஎக்ஸ்டிஃபைல்' என்ற வகைப்பெயர் எழுதியிருக்கும். அந்த வகைப்பெயரைத் தேடிப்போனால், அதன்கீழ் 'ஷெல்', அதன்கீழ் 'ஓப்பன்', அதன்கீழ் 'கமாண்ட்' என்று மூன்று படி இறங்கியபின், நோட்பேட் குடியிருக்கும் முகவரியும் அதன் வாலில் '%1' என்ற குறியும் காணப்படும். தட்டிய கோப்பின் முழு முகவரியை அந்தக் குறி நிற்கும் இடத்தில் பொருத்தி நோட்பேடை ஓடவிடுவதோடு இயங்குதளத்தின் கடமை தீர்ந்தது. 'ஓப்பன்' என்பதன் பக்கத்திலேயே 'எடிட்', 'பிரின்ட்' முதலிய வேறு செயல்களும் எழுதப்பட்டிருக்கலாம். மௌஸின் வலப்பொத்தானை அழுத்தும்போது விரியும் பட்டியலில் நாம் காண்பவற்றில் பல அவைதாம்.

இத்தனை படிகளில் ஒன்றிலாவது கோப்புக்குள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நிலத்துக்குப் போகாமலே கர்ணத்தின் கணக்கைப் பார்த்துப் பட்டாதாரர் இன்னாரென்று தீர்த்துவிடுவதுபோல், பெயரையும் ஏட்டையும் கொண்டே விஷயம் முடிந்துவிடுகிறது. இதன் விளைவை இணையவழி விண்ணப்பம் நிரப்பும் எவரும் பார்த்திருப்பர். ஜேபிஜி படம் மட்டுமே ஏற்கப்படும் என்ற நிபந்தனையைக் கண்டு, பிஎன்ஜி படத்தின் பெயரில் கடைசி மூன்றெழுத்தை அழித்து ஜேபிஜி என்று எழுதிவிட்டு, படத்தையே மாற்றிவிட்டதாகத் திருப்தியடைகிறவர்கள் உண்டு. தட்டிப் பார்த்தால் படம் தெரியவும் தெரியும். ஏனெனில் இரண்டு பின்னொட்டுக்களும் ஒரே செயலியிடம் போய்ச் சேருபவை, அந்தச் செயலியோ பெயரை நம்பாமல் உள்ளே பார்த்துப் படத்தை வரைகிறது. அதே படத்துக்குப் பிடிஎஃப் என்று பெயர் சூட்டினால், அது பிடிஎஃப் வாசிப்பானிடம் அனுப்பப்பட்டு, சேதமுற்ற கோப்பென்று திருப்பி அனுப்பப்படும். சேதம் ஒன்றுமில்லை, விலாசம்தான் தவறு.

1984-ல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட மக்கின்டாஷ் முற்றிலும் வேறொரு சித்தாந்தத்தைக் கைக்கொண்டது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும், பெயரோடு சம்பந்தமில்லாமல், இரண்டு நான்கெழுத்துக் குறிகள் உண்டு: கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பது ஒன்று, அதை உண்டாக்கிய செயலி எது என்பது மற்றொன்று. ஆகவே ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு எழுத்துக் கோப்புக்களில், டீச்டெக்ஸ்டில் எழுதியது தட்டியவுடன் டீச்டெக்ஸ்டிலும், வேர்டில் எழுதியது வேர்டிலும் திறந்துகொள்ளும்; பெயரை எப்படி மாற்றினாலும், புள்ளியே இல்லாமல் எழுதினாலும், அந்த உறவு அறுந்துபோவதில்லை. செயலி எழுதுவோர் தங்கள் நான்கெழுத்தை ஆப்பிளிடம் பதிவு செய்துகொள்வார்கள். ஹைப்பர்கார்டு என்ற புகழ்பெற்ற செயலியின் குறி 'வைல்டு' என்பதாக இருந்தது. வைல்டுகார்டு என்று முதலில் வைத்திருந்த பெயர் பிற்பாடு மாறியபோதும் குறி மட்டும் பழைய பெயரின் அடையாளமாகக் கடைசிவரை நீடித்தது. தன்னைப் படைத்தவனைக் கோப்பு மறவாதிருக்கும் இந்த ஏற்பாடு, நான் அறிந்த ஏற்பாடுகளுக்குள் மிகவும் கண்ணியமானது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கண்ணியம் மட்டும் ஊர்விட்டு ஊர் போகும்போது துணைவருவதில்லை. அந்த எட்டெழுத்துக்களும் கோப்பின் உடலில் இல்லாமல் மக்கின்டாஷின் வட்டு அமைப்பில் தனியே எழுதப்பட்டிருந்தபடியால், கோப்பை டாஸ் பிளாப்பியில் நகலெடுத்தாலும், மின்னஞ்சலில் அனுப்பினாலும், அவை வழியிலேயே உதிர்ந்துபோயின. உதிராமல் மூட்டைகட்டி அனுப்புவதற்கென்றே பின்ஹெக்ஸ், மேக்பைனரி என்ற முறைகள் தோன்றியும், இணையம் பரவிய காலத்தில் எல்லா யந்திரங்களுக்கும் பொதுவாகத் தப்பிப் பிழைத்தது கோப்பின் பெயர் ஒன்றுதான். எனவே பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த மூன்றெழுத்தே வென்றது. 2001-ல் வந்த மாக் ஓஎஸ் எக்ஸ் பின்னொட்டையும் ஏற்றுக்கொண்டது. 2005-ல் வகைகளைப் படிப்படியாக அடுக்கும் புதிய முறையொன்று வகுக்கப்பட்டு, ஜேபெக் என்பது படத்தின் ஓர் உட்பிரிவு, படம் என்பது பொதுத் தரவின் ஓர் உட்பிரிவு என்ற பரம்பரை எழுதப்பட்டது. 2009-ல் வெளிவந்த ஸ்நோ லெபர்டு, படைத்த செயலியின் குறியைப் பொருட்படுத்துவதையே நிறுத்திவிட்டது. ஆயினும் பழைய சித்தாந்தத்தின் ஒரு துளி மிச்சமிருக்கிறது. மாக் யந்திரத்தில் ஒரு கோப்பின் விவரப் பலகையைத் திறந்து, இந்த ஒரு கோப்பை மட்டும் இன்ன செயலி திறக்கவேண்டும் என்று குறிப்பிட்டால், அந்தக் கட்டளை அந்தக் கோப்போடேயே ஒட்டி வைக்கப்படுகிறது. 'சேஞ்ச் ஆல்' என்ற பொத்தானை அழுத்தினால்தான் அது அவ்வகைக் கோப்புக்கள் அனைத்துக்கும் சட்டமாகும்.

யூனிக்ஸ் வகுத்தவர்களுக்குப் பெயரிலும் நம்பிக்கையில்லை, சீட்டு ஒட்டுவதிலும் நம்பிக்கையில்லை. கோப்பின் தலைப்பகுதியைப் படித்துப் பார்த்து வகையைச் சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளை 1973-லேயே யூனிக்ஸில் இருந்தது. பல வகைக் கோப்புக்கள் தம் தொடக்கத்தில் மாறாத அடையாள எண்களைத் தாங்கியிருக்கின்றன. மாய எண்கள் என்று தொழிலில் இவற்றைச் சொல்வர். பிடிஎஃப் கோப்பு விழுக்காட்டுக் குறியோடும் தன் பெயரின் மூன்றெழுத்தோடும் தொடங்கும்; ஸிப் கோப்பு, அம்முறையை வகுத்த பில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துக்களான பி, கே என்பவற்றோடு தொடங்கும். இவற்றுள் பிஎன்ஜி படத்தின் முத்திரை மிகவும் சாதுரியமாக அமைக்கப்பட்டது. அதன் முதல் எட்டு எண்கள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்பவை. நடுவிலுள்ள 80, 78, 71 மூன்றும் பி, என், ஜி என்ற எழுத்துக்கள். முதலிலுள்ள 137, எழுத்துக்கு ஏழு பிட் மட்டுமே கடத்தும் பழைய கம்பிவழிகளில் போனால் சிதைந்து, பழுது நேர்ந்ததைக் காட்டிக்கொடுக்கும். 13-ம் 10-ம் சேர்ந்த ஜோடியும், இறுதியில் தனியாக நிற்கும் 10-ம், வரி முடிவுக் குறிகளைத் தன் வழக்கப்படி திருத்திவிடும் நிரல் ஏதேனும் குறுக்கிட்டதா என்பதைச் சொல்லிவிடும். 26 என்பது டாஸில் கோப்பு முடிந்துவிட்டதென்பதற்கு அடையாளம். யாராவது அறியாமல் படத்தை எழுத்துக் கோப்பாக எண்ணித் திரையில் கொட்ட முயன்றால், முழுக் குப்பையும் வந்து விழாமல் அது அங்கேயே நிறுத்திவிடும். எட்டே எண்களில் அடையாளமும் ஆரோக்கியச் சோதனையும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன.

உள்ளே பார்ப்பதும் எப்போதும் போதுவதில்லை. வேர்டின் டிஓசிஎக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் மூட்டை. முகப்பை மட்டும் பார்த்தால் பி, கே என்றே இருக்கும், உள்ளே கடிதமா கணக்கா என்பது புலப்படாது. லிப்ரே ஆபீஸ் பயன்படுத்தும் ஓப்பன்டாக்குமென்ட் முறையை வகுத்தோர் இதை முன்கூட்டியே யோசித்து, மூட்டையில் முதலாவதாக, சுருக்கப்படாத நிலையில், வகையின் பெயரை எழுதிய சிறு கோப்பொன்றை வைக்கச் சொன்னார்கள். வெறும் எழுத்துக் கோப்புக்கோ அடையாள எண் எதுவும் கிடையாது. தமிழர்கள் இந்தக் குறையை நேரில் அனுபவித்தவர்கள்: யூனிகோட் பரவுவதற்குமுன் டிஸ்கியிலும், 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டாம், டாப் முறைகளிலும், பாமினி போன்ற எழுத்துருக்களிலும் எழுதிவைத்தவற்றை இன்று தட்டினால், பின்னொட்டு சரியாக இருந்து, சரியான செயலியே திறந்தும், திரையில் தெரிவது லத்தீன் எழுத்துக்களும் விசித்திரக் குறிகளும் கலந்த கூளம். எந்தச் செயலி என்ற கேள்விக்கு மட்டுமே இந்த ஏற்பாடுகள் விடை சொல்லும். எந்தக் குறியேற்றம் என்ற கேள்வி அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

வகைகளுக்கு உலகப் பொதுவான பெயர் வைக்கும் காரியம் மின்னஞ்சலில் தொடங்கிற்று. நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் 1992 ஜூன் மாதம் வெளியிட்ட மைம் என்ற விதிமுறையில், ஒவ்வோர் இணைப்புக்கும் பெருவகை, உள்வகை என இரண்டு சொல்லில், நடுவே சாய்கோடிட்டு, பெயர் சூட்டும் வழக்கம் வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இன்ன வகையை இன்ன நிரல் காட்டட்டும் என்று வரி வரியாக எழுதிவைக்கும் மெயில்கேப் முறையையும் போரன்ஸ்டைன் எழுதினார். இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்கள் இவற்றின் நேர் வாரிசுகள். 2000-ல் தோன்றிய ஃப்ரீடெஸ்க்டாப் என்னும் அமைப்பு வகுத்த விதிகளின்படி, பின்னொட்டையும் மாய எண்ணையும் சேர்த்துப் பார்த்து வகையை நிச்சயிப்பர். ஒவ்வொரு செயலியும் தான் திறக்கவல்ல வகைகளைத் தன் 'டெஸ்க்டாப்' கோப்பில் அறிவித்துக்கொள்ளும். பயனாளியின் விருப்பம், அவருடைய சொந்த அடைவில் 'மைம்ஆப்ஸ்.லிஸ்ட்' என்ற கோப்பில், பிடிஎஃப் வகைக்கு எவின்ஸ் என்பதுபோல் வகைக்கு ஒரு வரியாக, யாரும் நோட்பேடு போன்ற ஒன்றில் திறந்து படிக்கவும் திருத்தவும் தக்கவாறு இருக்கும். பயனாளி எழுதியது முதலில், யந்திர நிர்வாகி எழுதியது அடுத்து, இயங்குதளம் தந்தவர் எழுதியது கடைசியில் என்பது அதிகார வரிசை. எங்குமே எழுதியிராவிட்டால், திறக்க வல்லதாக அறிவித்துக்கொண்ட ஏதோ ஒரு செயலி வந்து நிற்கும்; படந்திருத்தும் கிம்ப் செயலியும் பிடிஎஃப் திறக்கவல்லதென்று அறிவித்துக்கொள்வதால், புத்தகம் படிக்கத் தட்டியவர் முன் தூரிகைப் பெட்டியோடு அது எழுந்தருளும் வேடிக்கை இவ்விதமே நேர்கிறது.

விண்டோஸ் 95 செய்த ஒரு காரியத்தை மட்டும் நான் மன்னிக்கத் தயாரில்லை. அதிகாரம் முழுவதையும் பின்னொட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பின்னொட்டு சாதாரண மனிதரைக் குழப்புமென்று கருதி, தெரிந்த வகைகளின் பின்னொட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது. விண்டோஸ் 11-லும் அந்த மறைப்பு நீங்கவில்லை. தீர்ப்புச் சொல்லும் ஆவணத்தையே கட்சிக்காரர் பாராமல் ஒளித்துவைப்பதன் பலன் 2000-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி வெளிப்பட்டது. பிலிப்பைன்ஸில் கிளம்பி, 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு வந்த மின்னஞ்சலில் ஒரு காதல் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. அதன் முழுப்பெயர் டிஎக்ஸ்டி என்று முடிந்து, அதற்குமேல் இன்னொரு புள்ளியும் விபிஎஸ் என்ற பின்னொட்டும் கொண்டிருந்தது. கடைசிப் பின்னொட்டு மறைந்துபோகவே, பார்த்தவர் கண்ணுக்கு அது அபாயமற்ற எழுத்துக் கோப்பாகத் தோன்றிற்று. இயங்குதளமோ கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ளதை மட்டுமே மதிப்பதால், விபிஎஸ் என்பதற்கு நியமிக்கப்பட்டிருந்த விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்டிடம் அதை ஒப்படைத்து, நிரலாக ஓடவிட்டது. ஓடிய நிரல் முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டதோடு, வட்டிலிருந்த புகைப்படங்களின் இடத்தில் தன் நகலை எழுதி, ஜேபிஜி என்ற பழைய பெயருக்குப் பின்னும் விபிஎஸ் என்பதை ஒட்டிவைத்தது. பார்வைக்கு அதே புகைப்படம். தட்டினால் மறுபடியும் அதே நிரல். லண்டனில் பாராளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்திவைக்கவேண்டியதாயிற்று. எந்த வகைக் கோப்புக்குத் திறப்பதென்றால் காட்டுவது, எந்த வகைக்குத் திறப்பதென்றால் ஓடவிடுவது என்ற வித்தியாசத்தை ஒரே இரட்டைத் தட்டுக்குள் அடக்கியதுதான் இதன் மூலகாரணம்.

ஏட்டைத் திருத்தினால் அதிகாரம் கைமாறும் என்ற ரகசியம் செயலி விற்போருக்கு வெகு சீக்கிரம் தெரிந்துபோயிற்று. தொண்ணூறுகளின் இறுதியில், புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு மீடியா பிளேயரும் எம்பி3 பாட்டுக்களையெல்லாம் தனக்கே எழுதிவைத்துக்கொள்வதும், பழையது மறுமுறை திறக்கப்பட்டதும் அவற்றை மீட்டுக்கொள்வதுமாக, பயனாளியின் சம்மதம் கேட்காத ஓயாத வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 இதற்குப் பூட்டுப் போட்டது. பயனாளி தேர்ந்தெடுத்த செயலியின் பெயரோடு, அவருடைய அடையாளம், பின்னொட்டு, நேரம் முதலியவற்றைக் கலந்து கணித்த ஒரு முத்திரையும் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும். வேறொரு நிரல் பெயரை மட்டும் மாற்றிவைத்தால், முத்திரை பொருந்தாமையால் அந்தத் தேர்வு செல்லாததாகிவிடும்.

பூட்டின் சாவி யாரிடம் என்பது அடுத்த தகராறு. இணைய முகவரியைத் தட்டினால் எந்த உலாவி திறக்கவேண்டும் என்பதும் இதே ஏட்டில் எழுதப்படும் விஷயமாகையால், அதில் பணமும் செல்வாக்கும் கலந்துவிட்டன. ஐரோப்பிய ஆணையத்திடம் 2009-ல் கொடுத்த வாக்குறுதிப்படி, மைக்ரோசாப்ட் 2010 முதல் ஐரோப்பியப் பயனாளிகளுக்குப் பல உலாவிகளையும் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரையொன்றை அளித்துவந்தது. 2011 மே மாதம் முதல் 2012 ஜூலை வரை சுமார் ஒன்றரைக் கோடிப் பேருக்கு அந்தத் திரை காட்டப்படவில்லையென்று கண்டு, 2013 மார்ச் மாதத்தில் ஆணையம் 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2015-ல் விண்டோஸ் 10-க்கு மாறியவர்களின் பழைய தேர்வுகள் மாற்றத்தின்போது கைவிடப்படுகின்றனவென்று, ஃபயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொஸில்லாவின் தலைவர் கிரிஸ் பியர்டு, மைக்ரோசாப்ட் தலைவர் சத்ய நாதெள்ளாவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 2021-ல் வந்த விண்டோஸ் 11 தொடக்கத்தில், உலாவியை மாற்ற விரும்புகிறவர் ஹெச்டிஎம், ஹெச்டிஎம்எல், ஹெச்டிடிபி, ஹெச்டிடிபிஎஸ் என்று ஒவ்வொன்றாகத் தேடித் தனித்தனியே மாற்றவேண்டுமென்று வைத்திருந்தது. கண்டனங்கள் கிளம்பிய பிறகு, 2022-ல், அந்த நான்கையும் ஒரே அழுத்தில் மாற்றித்தரும் பொத்தானொன்று சேர்க்கப்பட்டது. பிடிஎஃப் அந்தப் பொத்தானுக்குள் அப்போது அடங்கவில்லை. அதற்குப் பட்டியலில் தனியே இறங்கிப் போகவேண்டியிருந்தது.